வாள் யாருக்குக் கட்டுப்பட வேண்டும்? துருக்கியத் தளபதி ஒருவரின் வாழ்வு தரும் பாடங்கள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சில மாதங்களுக்கு முன், நம் மதரஸாவின் மேல் வகுப்பு மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இராணுவச் சீருடை அணிந்த நரைமுடிக்காரர் ஒருவர் போர்வீரர்களுக்கு நடுவே நிற்கிறார். படத்தின் கீழே, "இக்காலத்தின் காலித் இப்னு வலீத்" என்று எழுதப்பட்டிருந்தது. அதே வாரத்தில் வேறொரு சகோதரர் அதே மனிதரின் படத்தை நமக்கு அனுப்பியிருந்தார். அதன் கீழே "உம்மத்தின் துரோகி" என்று இருந்தது. இரண்டையும் பகிர்ந்தவர்கள் தொழுகையாளிகள், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள். அந்த மனிதர் யார், என்ன செய்தார் என்று கேட்டபோது இருவரிடமும் விடை இல்லை.

படத்தில் இருந்தவர் ஹுலூசி அகார். துருக்கியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்து, பின் அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சரானவர். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்பது இறைமறையின் கட்டளை. அக்கட்டளை தூற்றும் செய்திக்கு மட்டும் உரியதன்று. போற்றும் செய்திக்கும் அது பொருந்தும். ஆகவே இம்மனிதரின் வாழ்வை நாம் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சீருடையும் பாங்கொலியும்

அகாரின் வாழ்வைப் புரிந்துகொள்ள, அவர் சேர்ந்த படையின் வரலாற்றை முதலில் அறிய வேண்டும். துருக்கியில் இராணுவம் என்பது நாட்டின் எல்லையை மட்டும் காத்த ஒன்றன்று. மக்கள் யாரைத் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தெடுக்கப்பட்டவர் எதுவரை போகலாம் என்பதையும் அதுவே தீர்மானித்து வந்தது. 1932 முதல் அந்நாட்டில் பாங்கு அரபியில் ஒலிக்கவில்லை. துருக்கி மொழியிலேயே சொல்லப்பட்டது. 1950இல் தேர்தலில் வென்ற அத்னான் மெந்தெரஸின் அரசு அரபிப் பாங்குக்கான தடையை நீக்கியது. பள்ளிவாசல் முற்றங்களில் முதியவர்கள் கண்ணீர் விட்டனர் என்று அக்காலத்தவர் நினைவுகூர்வர். அதே மெந்தெரஸை 1960இல் இராணுவம் கவிழ்த்தது. 1961 செப்டம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1971இல் தளபதிகளின் எச்சரிக்கைக் கடிதம் ஓர் அரசை வீழ்த்தியது. 1980இல் கெனான் எவ்ரனின் தலைமையில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. 1997 பிப்ரவரி 28 அன்று தளபதிகள் கொடுத்த நெருக்கடியால், சில மாதங்களில் பிரதமர் நஜ்முத்தீன் எர்பகான் பதவி விலகினார்.

அந்த 1997க்குப் பிந்தைய ஆண்டுகளின் வேதனையைத் துருக்கியத் தாய்மார்கள் இன்றும் மறக்கவில்லை. மனைவி தலையை மறைக்கிறார் என்பதும், அதிகாரி தொழுகிறார் என்பதும் ஐயத்திற்குரிய குறிகளாகப் பார்க்கப்பட்டன. பலர் படையிலிருந்து நீக்கப்பட்டனர். மகன் உறுதிமொழி எடுக்கும் விழாவுக்கு வந்த தாய், தலைத்துணியின் காரணமாக முகாமின் வாயிலிலேயே நிறுத்தப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. மகனை நாட்டுக்காகக் கொடுக்கலாம், ஆனால் மகனின் விழாவைப் பார்க்கலாகாது என்பது எத்தகைய நீதி!

இந்தப் படைக்குள்தான் அகார் வளர்ந்தார். 1952இல் அனத்தோலியாவின் கைசேரி நகரில் பிறந்தவர். 1972இல் தரைப்படைக் கல்லூரியில் பட்டம் பெற்றுக் காலாட்படை அதிகாரியானார். நேட்டோவின் தென் ஐரோப்பியத் தலைமையகத்தில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பணியாற்றினார். 1998இல் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். தரைப்படைக் கல்லூரியின் பொறுப்பையும் பின்னாளில் ஏற்றார். 2011இல் முழு ஜெனரலாக உயர்ந்தார். 2013இல் தரைப்படைத் தளபதி, 2015 ஆகஸ்டில் முப்படைகளின் தலைமைத் தளபதி. படிப்படியாக, ஓசையின்றி உயர்ந்தவர். நாற்பதாண்டுகளுக்கு மேலாக அவருடைய பெயர் நம்மில் எவருக்கும் தெரியாது. ஓர் இரவு அதை மாற்றியது.

ஜூலை 15 இரவு

2016 ஜூலை 15, வெள்ளிக்கிழமை. ஏதோ நடக்கப்போகிறது என்ற தகவல் அன்று பிற்பகல் உளவுத்துறைக்கு வந்தது. அதன் தலைவர் ஹகான் ஃபிதான் மாலையில் அங்காராவின் இராணுவத் தலைமையகத்துக்கு வந்து அகாரைச் சந்தித்தார். இராணுவ விமானங்கள் பறக்கக் கூடாது, டாங்கிகள் முகாமை விட்டு வெளியேறக் கூடாது என்று அகார் ஆணையிட்டார். இரவு ஒன்பது மணியளவில், அவருடைய தலைமையகத்திலேயே பணியாற்றிய மெஹ்மத் திஷ்லி என்ற ஜெனரல் அறைக்குள் வந்து, நடவடிக்கை தொடங்கிவிட்டது என்று கூறியதாக அகார் தம் வாக்குமூலத்தில் சொன்னார். உடன்பட மறுத்த அவருடைய கைகள் கட்டப்பட்டன, கழுத்து இறுக்கப்பட்டது. கட்டியவர்களில் அவருடைய சொந்தப் பணிக்குழுவினரும் இருந்தனர். ஹெலிகாப்டரில் அக்கின்ஜி விமானப்படைத் தளத்துக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். அங்கும் ஆட்சிக் கவிழ்ப்பு அறிவிப்பில் ஒப்பமிட வற்புறுத்தப்பட்டார். அமெரிக்காவில் வாழ்ந்த ஃபத்ஹுல்லாஹ் குலனோடு பேசவைப்பதாகவும் அங்கிருந்த அதிகாரி ஒருவர் கூறியதாக அவர் சொன்னார். குலன் தமக்கு இதில் தொடர்பில்லை என்று கடைசிவரை மறுத்தார்.

அகார் ஒப்பமிடவில்லை. இதை நாம் மதிப்புடன் பதிவு செய்கிறோம். துருக்கியின் தலைமைத் தளபதி ஒப்பமிட்டிருந்தால், அவ்விரவில் எந்தப் பக்கம் நிற்பது என்று தடுமாறிக்கொண்டிருந்த பல படைப்பிரிவுகள் அவர் பக்கம் சாய்ந்திருக்கக் கூடும். 1980இல் தலைமைத் தளபதியே முன்னின்றார். நாடு ஓர் இரவில் வீழ்ந்தது. 2016இல் தலைமைத் தளபதி மறுத்தார், நாடு பிழைத்தது. வெளியே மினாராக்களில் ஸலவாத்து ஒலிக்க, மக்கள் வீதிக்கு வந்து டாங்கிகளின் முன் நின்றனர். விடிவதற்குள் 250க்கும் மேற்பட்டோர் உயிர்நீத்தனர். 2,000க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். காலையில் அகார் மீட்கப்பட்டார்.

ஆயினும் அவ்விரவைப் பற்றிய கேள்விகள் துருக்கியிலேயே எழுந்தன. பிற்பகலிலேயே தகவல் வந்தும், அதிபருக்கும் பிரதமருக்கும் உடனே ஏன் சொல்லப்படவில்லை? தம்மைச் சுற்றியிருந்தவர்களே சதியில் இருந்ததைத் தலைமைத் தளபதி எப்படி அறியாதிருந்தார்? விசாரணைக்காக அமைக்கப்பட்ட நாடாளுமன்றக் குழுவின் முன் அகார் நேரில் வரவில்லை; எழுத்தில் விடை தந்தார். பொறுப்பில் இருந்தவர் மக்களின் பிரதிநிதிகள் முன் நேரில் அமர்ந்து விடை சொல்லியிருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. கழுத்து இறுக்கப்பட்டபோது காட்டிய உறுதி, கேள்வியின் முன்னும் இருந்திருந்தால் அவருடைய மதிப்பு கூடியிருக்குமே அன்றிக் குறைந்திருக்காது.

தளபதி அமைச்சரானார்

அந்த இரவுக்குப் பின் துருக்கிய இராணுவத்தின் அமைப்பே மாறியது. படைத் தளபதிகள் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். பழைய இராணுவப் பள்ளிகள் மூடப்பட்டுத் தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் உருவாக்கப்பட்டது. 2017 பிப்ரவரியில், பெண் இராணுவ அதிகாரிகள் தலையை மறைப்பதற்கான தடை நீக்கப்பட்டது. மகனின் விழாவுக்கு வந்து வாயிலில் நின்ற தாயின் மகளோ பேத்தியோ இன்று அதே முகாமுக்குள் தலைத்துணியோடு அதிகாரியாக நுழையலாம். அகார் தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில் இது நடந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

2018 ஜூலையில் புதிய அதிபர் ஆட்சிமுறை நடைமுறைக்கு வந்தது. எர்துகான் தம் அமைச்சரவையில் அகாரைப் பாதுகாப்பு அமைச்சராக்கினார். நேற்றுவரை தலைமைத் தளபதியாக இருந்தவர், சீருடையைக் கழற்றிவிட்டு அமைச்சராக அமர்ந்தார். தலைமைத் தளபதியின் அலுவலகமும் அமைச்சகத்தின் கீழ் வந்தது. 2023 மே மாதம் கைசேரியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜூன் தொடக்கத்தில் அமைச்சர் பதவி முடிந்தது. அவருடைய இடத்துக்கு வந்த யஷார் குலெரும் தலைமைத் தளபதியாக இருந்தவரே.

இராணுவம் மக்களின் அரசுக்குக் கட்டுப்படுவது நல்லது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தளபதிகள் அரசுக்குக் கட்டுப்படுவது ஒன்று. அவர்கள் ஒரு தனிமனிதருக்கு நெருக்கமானவர்களாவது வேறொன்று. 2016 மே மாதம் எர்துகானின் மகளின் திருமணத்தில், பதவியில் இருந்த தலைமைத் தளபதி சாட்சிகளில் ஒருவராக நின்றார். 2018இல், அதிபர் தேர்தலில் அப்துல்லாஹ் குல் எதிர்த்து நிற்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, சீருடையில் இருந்த அகார் ஹெலிகாப்டரில் சென்று அவரைச் சந்தித்ததாகச் செய்திகள் வந்தன. வாள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவது மட்டும் சீர்திருத்தம் ஆகாது. எந்தக் கையில் இருந்தாலும் அது சட்டத்தின் உறைக்குள் இருக்க வேண்டும்.

தட்டின் இரு பக்கங்கள்

அமைச்சராக அவர் செய்தவற்றில் நாம் மனமாரப் பாராட்டுவது ஒன்று உண்டு. உக்ரைன் போர் மூண்டபோது கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. தானியக் கப்பல்கள் நின்றுபோயின. உலகெங்கும் கோதுமை விலை ஏறியது. 2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லின் தோல்மபாஹ்செ மாளிகையில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே தாளில் ஒப்பமிட மறுத்தன; தனித்தனியே ஒப்பமிட்டன. இரண்டு தாள்களிலும் துருக்கியின் சார்பில் ஒப்பமிட்டவர் அகார். கப்பல்களைச் சோதித்து அனுப்பும் கூட்டு மையம் இஸ்தான்புல்லில் அமைந்தது. ஓராண்டில் ஏறத்தாழ 3.3 கோடி டன் தானியமும் பிற உணவுப் பொருள்களும் வெளியேறின. அதில் பெரும்பகுதி வசதியுள்ள நாடுகளுக்கே சென்றது என்பது உண்மை. ஆயினும் யமன், ஆப்கானிஸ்தான், சோமாலியா போன்ற பசித்த நாடுகளுக்கும் உணவு உதவிக் கப்பல்கள் சென்றன. நாற்பதாண்டுகள் போர் கற்ற ஒருவரின் கையெழுத்து, எங்கோ ஒரு குழந்தையின் ரொட்டியாக மாறியது. இது சிறிய நன்மையன்று.

இத்லிபையும் சொல்ல வேண்டும். வடமேற்குச் சிரியாவில் முப்பது லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த அப்பகுதியில், 2020 பிப்ரவரி 27 அன்று ஒரே தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்ட துருக்கிய வீரர்கள் கொல்லப்பட்டனர். துருக்கியின் பதில் நடவடிக்கைக்குப் பின், மார்ச் 5 அன்று மாஸ்கோவில் போர்நிறுத்தம் உடன்பாடானது. அங்கிருந்த மக்களில் பலர் அதனால் மூச்சுவிட்டனர்.

இனி மறுபக்கம். 2018 ஜனவரியில், அகார் தலைமைத் தளபதியாக இருந்தபோது, துருக்கியப் படை சிரியாவின் அஃப்ரீன் பகுதிக்குள் நுழைந்தது. ஆயுதக் குழுக்களிடமிருந்து தன் எல்லையைக் காப்பதாகத் துருக்கி சொன்னது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்து வெளியேறினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் குர்துகள், நம்மைப் போலவே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள். ஸலாஹுத்தீன் அய்யூபியை நம் பிள்ளைகள் போற்றுகிறார்கள். அவர் குர்து இனத்தவர் என்பதை எத்தனை பேர் அறிவர்? அவருடைய இனத்துத் தாய் ஒருத்தி மூட்டையோடு சாலையில் நடந்தபோது, அவளுக்காக நாம் ஒரு துஆவும் கேட்கவில்லை. விரட்டியவர் நமக்குப் பிடித்த நாட்டவர் என்பதே காரணமாக இருக்குமானால், அதற்கு மறுமையில் என்ன விடை சொல்வோம்?

இன்னொன்றும் உண்டு; அது ஆசிரியர்களான நம்மை இரவில் தூங்கவிடாதது. ஜூலை 15 இரவில் இஸ்தான்புல் வீதிகளில் விமானப்படைக் கல்லூரி மாணவர்களும் இருந்தனர். இருபது வயது, இருபத்தொரு வயது. யலோவாவின் பயிற்சி முகாமிலிருந்து பேருந்துகளில் ஏற்றிவரப்பட்டவர்கள். பயிற்சி என்று சொன்னார்கள், பயங்கரவாதத் தாக்குதல் என்று சொன்னார்கள், ஆணையை ஏற்று வந்தோம் என்பது அவர்களுடைய வாதம். பாஸ்பரஸ் பாலத்தில் சிலர் கூட்டத்தின் கையில் அகப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டனர். பலருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் சிலர் பின்னாளில் விடுவிக்கப்பட்டனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் அவசரநிலை ஆணைகளால் வேலையிழந்தனர். அவர்களில் குற்றவாளிகள் இருந்தனர். ஆனால் எல்லோரும் குற்றவாளிகள் என்று எந்த நீதியுள்ள மனிதன் சொல்வான்? ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது குர்ஆனின் கட்டளையல்லவா? தம்முடைய படையின் கடைக்குட்டிகளான அப்பிள்ளைகளுக்காகத் தலைமைத் தளபதியும் பின்னர் அமைச்சருமானவர் குரல் எழுப்பியிருந்தால், அது அக்கின்ஜியில் அவர் காட்டிய உறுதிக்கு நிகரான உறுதியாக இருந்திருக்கும்.

காலிதை உவமை சொன்ன மாணவருக்கு

அந்த மாணவர் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களை உவமை சொன்னார். சரி, அவர்களின் வாழ்விலிருந்தே அளவுகோலை எடுப்போம்.

மக்கா வெற்றிக்குப் பின் பனூ ஜதீமா என்ற கூட்டத்தாரிடம் நபிகளார் (ஸல்) அவர்கள் காலிதை அனுப்பினார்கள். அம்மக்கள் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான சொல்லில் சொல்லத் தெரியாமல் வேறு சொல்லால் சொன்னார்கள். காலித் அவர்கள் அதை ஏற்காது சிலரைக் கொன்றார்கள், சிலரைச் சிறைபிடித்தார்கள், கைதிகளைக் கொல்லுமாறு தம் வீரர்களுக்கும் ஆணையிட்டார்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அந்த ஆணையை ஏற்க மறுத்துவிட்டார்கள். செய்தி நபிகளாரிடம் வந்தபோது, இரு கைகளையும் உயர்த்தி, காலித் செய்ததற்கும் தமக்கும் தொடர்பில்லை என்று இறைவனிடம் முறையிட்டார்கள். அலீ (ரலி) அவர்களை அனுப்பி, கொல்லப்பட்டோரின் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுக்கச் செய்தார்கள். ஆனால் காலிதை ஒதுக்கிவிடவில்லை. அவர்கள் பின்னரும் படை நடத்தினார்கள்.

இந்த ஒரு நிகழ்வில் எத்தனை பாடங்கள்! தளபதி தவறு செய்தால், அவர் நம்மவர் என்பதற்காகத் தவறு சரியாகிவிடாது. பாவமான ஆணைக்குக் கீழ்ப்படிதல் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்யாமல் தவ்பா பேசுவதில் பொருளில்லை. ஒரு தவறுக்காக மனிதரின் நன்மைகள் அனைத்தையும் துடைத்தெறிவதும் நபிவழி அன்று.

பின்னாளில் உமர் (ரலி) அவர்கள், வெற்றிமேல் வெற்றி கண்டுகொண்டிருந்த அதே காலிதைத் தளபதிப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். வெற்றி அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்பதை மறந்து, மக்கள் ஒரு மனிதரை நம்பிவிடுவார்களோ என்ற அச்சமே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். காலித் அவர்கள் வாளை உயர்த்தவில்லை. அபூ உபைதா (ரலி) அவர்களின் கீழ்த் தொடர்ந்து போரிட்டார்கள். உலக வரலாற்றில் வாள் இவ்வளவு அமைதியாக உறைக்குள் சென்ற நிகழ்வுகள் மிகச் சில.

ஆகவே ஹுலூசி அகாரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நாம் சொல்வது இதுவே: ஆட்சிக் கவிழ்ப்பில் ஒப்பமிட மறுத்தார், அது நன்மை. தானியம் ஏழைகளைச் சேர வழிசெய்த உடன்பாட்டில் ஒப்பமிட்டார், அதுவும் நன்மை. கேள்விகளுக்கு முழுமையாக முகம் கொடுக்கவில்லை, அது குறை. அஃப்ரீனின் குர்துகளும் சிறைப்பட்ட மாணவர்களும் அவருடைய ஆட்சிக்காலக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறார்கள். அதன் தீர்ப்பு அல்லாஹ்விடம். அவர் காலிதும் அல்லர், துரோகியும் அல்லர். பொறுப்பு என்னும் அமானிதத்தைச் சுமந்த ஒரு மனிதர். பொறுப்பு மறுமையில் இழிவாகவும் வருத்தமாகவும் மாறக்கூடும், அதன் கடமையை நிறைவேற்றியவரைத் தவிர என்று அபூதர் (ரலி) அவர்களிடம் நபிகளார் எச்சரித்தது அவருக்கும் உரியது, நமக்கும் உரியது.

நம் பாட்டனார்கள் துருக்கித் தொப்பி அணிந்தார்கள். துருக்கியில் 1925இல் அது தடைசெய்யப்பட்ட பின்னும் நம் ஊர்களில் நிக்காஹ் மேடைகளில் அதன் குஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. அந்த அன்பு பழைமையானது. அதை இழக்க வேண்டியதில்லை. ஆனால் அன்புக்குக் கண் வேண்டும். அடுத்த முறை உங்கள் பிள்ளை ஒரு தளபதியின் படத்தைக் காட்டினால், கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். பெருமிதமாகத் தலையாட்டவும் வேண்டாம். அருகில் அமர்த்தி, "இவர் என்ன செய்தார், யாருக்கு நன்மை, யாருக்குத் தீங்கு? தேடிப் படித்துவிட்டு வந்து சொல்" என்று கேளுங்கள். நம் மாணவரிடம் நாம் அதையே கேட்டோம். இரண்டு வாரம் கழித்து அவர் வந்தார். படத்தை நீக்கிவிட்டதாகச் சொல்லவில்லை. "உஸ்தாத், அந்தப் பாலத்தில் இறந்த பையன்களுக்கு என் வயதுதான்" என்று மட்டும் சொன்னார்.

யா அல்லாஹ்! வாளை ஏந்துவோருக்கு நீதியையும், ஆணையிடுவோருக்கு உன்னைப் பற்றிய அச்சத்தையும், ஆணைக்குக் கீழ்ப்படிவோருக்கு நன்மை தீமையைப் பிரித்தறியும் தெளிவையும், தூரத்திலிருந்து பார்க்கும் எங்களுக்கு நடுநிலையான நாவையும் தந்தருள்வாயாக. ஆமீன்.